தூங்கி எழுந்தவரைப் போடுங்கள்

என் வீட்டுக்காரர் தமிழ்செல்வனுக்கு வேலை வானத்தில் என்று கொல்லிமலையில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விமானம் ஓட்டுகிறார் என்று சிலர் சொல்வார்கள், விமானத்தில் டிக்கெட் கிழிக்கிறார் என்று சிலர். அவர் தரையை விட்டுக் கிளம்பியதே இல்லை. சமவெளியில் ஒரு விமான நிலையத்தில், சுற்றிலும் கண்ணாடி வைத்த கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, எந்த விமானம் இறங்கலாம், எது கிளம்பலாம், எது பொறுத்திருக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்வதுதான் அவர் வேலை. இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம காரவள்ளி அடிவாரத்துல வண்டிய நிறுத்தி உடுறவரு மாதிரிங்க" என்பார்கள். நானும் ஆமாங்க என்று சொல்லிவிடுவேன்.

அவர் இந்த மலையில்தான், வாசலூர்பட்டிக்கு அந்தப் பக்கத்துக்காரர். அப்பா அர்த்தனாரி மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறார். நான் ராசிபுரத்துப் பெண். மலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக வந்து சேர்ந்தவள். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். எந்த மாத்திரை எப்போது என்று நான் சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல் அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். இந்த ஆள் மக்குப் பேர்வழியா, அல்லது என்னைக் கேலி செய்கிறாரா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அது தொழில் வைத்த பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. கோபுரத்திலிருந்து சொல்வதை விமானி முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே 'சரி' என்றால் செல்லாது. திருப்பிச் சொல்லாதவரைக்கும் அவர் காதில் விழவில்லை என்றுதான் கணக்கு. இந்த மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சந்தைக்குப் போகிறவரிடம் தேங்காயும் சோப்பும் வாங்கி வாருங்கள் என்றால், "தேங்கா, சோப்பு" என்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அவர் சொல்வதற்கு நான் வெறுமனே 'ம்' கொட்டினால் விடமாட்டார். "திருப்பிச் சொல்லு ரஞ்சிதா" என்பார். ஒரு நாள் கரண்டியை எறிந்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு உபகாரம் உண்டு. எப்போது அவர் திருப்பிச் சொல்வதை நிறுத்துகிறாரோ, அப்போது கண் திறந்திருந்தாலும் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அது எப்போதாவது நடந்தது. போகப் போக, மலைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் நடந்தது.

அவர் வேலை நேரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு நாள் மதியம் போய், இரவு அங்கே வாடகைக்கு எடுத்திருக்கிற அறைக்குத் திரும்புவார். மறுநாள் இருட்டு பிரிவதற்குள் எழுந்து காலை வேலைக்குப் போவார். அன்று மதியம் வந்து, வெயிலில் காய்ந்த மொட்டைமாடி அறையில், பக்கத்தில் யாரோ வீடு கட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். அன்றைக்கு இரவே மறுபடியும் கோபுரத்தில் இருக்க வேண்டும். விடிய விடிய உட்கார்ந்து முடித்தால் அதற்குப் பிறகு ஓய்வு நாள். அது முடிந்ததும் செக்கு மறுபடி சுற்றும். உடம்பு பாவம், எது பகல் எது ராத்திரி என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. நானும் நைட் டியூட்டி பார்க்கிறவள்தான். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஒரு நோயாளி முனகி எழுப்பிவிடுவார். அங்கே பக்கத்து நாற்காலிக்காரரும் அதே செக்கில் சுற்றுகிறவர். யாரை யார் எழுப்புவது?

ஓய்வு நாளில் அந்த அறையிலேயே கிடந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். "மலைக்கு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது. அந்தக் குளிர் வேணும்" என்பார். பஸ் மாறி பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து வந்து இறங்குவார். வந்ததும் பாயை விரிப்பார். அங்கே ஆரம்பிக்கும் கூத்து.

இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் ஒருவர் படுத்துக் கிடந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை. உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது பகை. பார்த்துவிட்டு வாசலோடு திரும்பினாலும் மரியாதை இல்லை, படுத்திருக்கிறவர் வாயால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதனால் எழுப்புவார்கள். நன்றாகத் தூங்குகிற மனிதரைத் தோளைத் தொட்டு எழுப்பி, தூக்கம் வருகிறதா என்று விசாரிப்பார்கள்.

முதலில் வருவது பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா. கையில் மிளகுக் கசாயம் இருக்கும். "ஏஞ்சாமி தமிழு, பொழுது இத்தன ஏறியும் படுத்துக் கெடக்குற? ஒடம்புக்கு என்ன பண்ணுது? எந்திரிச்சு இத ஒரு மடக்கு குடிச்சுப்போட்டு அப்பறமேட்டுத் தூங்கு கண்ணு." அவர் எழுந்து உட்கார்ந்து, மரியாதையாகக் குடித்து, ஒன்றும் இல்லீங்கக்கா என்பார். அக்கா போனதும் பங்காளி அப்பாசாமி வாழைப்பழச் சீப்போடு வருவார். அவருக்கும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். போகும்போது எல்லோரும் "செரி, நல்லாத் தூங்கு" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும் போல இருக்கும்.

என் மாமனார் விசாரிப்பதில்லை. அவருக்கு மகன் பகலில் படுப்பதே மானக்கேடு. "வெயிலேறிப் படுத்திருந்தா ஊட்டுக்கு மூதேவி வந்துரும் கண்ணு" என்பார். "மூதேவியாச்சும் சத்தம் போடாம வருவா மாமா" என்றேன் ஒரு நாள். அதற்கப்புறம் மூன்று வேளை என்னோடு பேசவில்லை.

என் வீட்டுக்காரர் மாறிக்கொண்டே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, "நிக்கச் சொல்லு, நிக்கச் சொல்லு" என்று உளறினார். நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். லீவு எடுங்கள் என்றால், "நான் எடுத்தா என் எடத்துல ராத்திரி முழுக்க முழிச்சிருந்தவரக் கொண்டாந்து உக்கார வப்பாங்க. ஆள் பத்தல ரஞ்சிதா" என்பார். எனக்கு அந்த ஆள் பற்றாத ஆபீஸ் மேல் வெறுப்பு, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிற இவர் மேலும் வெறுப்பு.

கடைசியில் நடக்க வேண்டியது நடந்தது. இரவு வேலை முடிகிற நேரம், கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஓடுபாதை விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு ஜீப் உள்ளே போக அனுமதி கேட்டது. இவர் கொடுத்தார். ஓடுபாதையில் வண்டி நின்றால், எதிரே இருக்கிற பலகையில் ஒரு சிவப்புப் பட்டையை எடுத்து வைக்க வேண்டும். அது இருக்கிறவரைக்கும் எந்த விமானத்துக்கும் அனுமதி கிடையாது. சின்னப் பட்டைதான், மறதிக்குப் போட்ட தாழ்ப்பாள். அதை எடுக்க இவர் கை நீட்டினார். அடுத்து ஒரு விமானம் கூப்பிட்டது. பலகையைப் பார்த்தார், சிவப்பு இல்லை. இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். விமானியும் சுத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

நல்லவேளை, அந்த விமானிக்குக் கண் நன்றாகத் திறந்திருந்தது. ஜீப்பின் விளக்கைப் பார்த்து மறுபடி மேலே ஏறிவிட்டார். ஜீப்பில் இருந்தவர்கள் தலைக்கு மேல் சத்தத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"கை போனது ஞாபகம் இருக்கு. வச்சது ஞாபகம் இல்ல" என்றார் என்னிடம். அதையே எழுதியும் கொடுத்தார். நடுவில் தூங்கிவிட்டேன் என்று அவரே சொன்னார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

விசாரணை வைத்தார்கள். குடித்திருக்கிறாரா என்று குழாயில் ஊதச் சொன்னார்கள். இந்த மனிதர் விசேஷ வீட்டில் மோர் கொடுத்தாலே புளித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பவர். ஒன்றும் இல்லை என்று கருவி சொன்னது. போன் பார்த்தாரா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. பிறகு, சட்டப்படி உங்களுக்குப் போதுமான ஓய்வு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். கொடுத்தார்களாம். ஓய்வு நேரத்தில் பஸ் பயணம் இருக்கிறது, கட்டட வேலை இருக்கிறது, கசாயம் இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது. தூக்கம் இருந்ததா என்று ஒருவராவது கேட்டாரா? குடித்தவரைக் கண்டுபிடிக்கக் குழாய் வைத்திருக்கிறார்கள். தூங்காதவரைக் கண்டுபிடிக்க வாய் திறந்து ஒரு கேள்வி போதும், அதற்கு வாய் வரவில்லை.

தண்டனையாக அவரை நாற்காலியிலிருந்து இறக்கி, பகல் ஆபீஸில் பேப்பர் வேலைக்குப் போட்டார்கள். காலையில் போய் மாலையில் வரும் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு. எல்லோரையும் போல இரவில் படுத்துக் காலையில் எழுந்தார். கொஞ்ச நாளில் மனிதர் ஆளே மாறிவிட்டார். கன்னத்தில் சதை வைத்தது. சட்டைப் பொத்தான் சரியான துளையில் விழுந்தது. மலைக்கு வந்தால் அப்பாவோடு கிழங்குக் காட்டுக்குப் போனார். சந்தைச் சாமானைப் பழையபடி ஒப்பித்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

ஊர் மட்டும் துக்கம் விசாரித்தது. "இப்படி ஆயிப்போச்சேங்க, நல்ல வேலைல இருந்த பையன்" என்று பாப்பாத்தியக்கா மூக்கைச் சிந்தினார். மாமனார் பெருமூச்சு விட்டார். சில மாதம் கழித்து, மறுபயிற்சி முடித்து மறுபடி கோபுரத்துக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தது. அதே செக்கு, அதே சுற்று. ஊருக்கு ஒரே சந்தோஷம். மாமனார் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். தூக்கம் இல்லாமல் தப்புச் செய்தவருக்குத் தண்டனையாகத் தூக்கத்தைக் கொடுத்தார்கள், மன்னித்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்தக் கோமாளித்தனத்துக்கு ஒரு அர்ச்சனைத் தட்டு வேறு. எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

முதல் சுற்று முடித்து அவர் மலைக்கு வந்த நாளை மறக்க மாட்டேன். இரவு வேலை முடித்து நேராக பஸ் ஏறியவர். பழைய வெளுப்பு முகத்தில் திரும்பியிருந்தது. "இட்லி வைக்கட்டுங்களா?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். எனக்கு அன்று வார ஓய்வு. அவர் செல்போனை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

அவர் படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. யாருக்கு எந்த நேரம் வேலை என்று போடுகிற அதிகாரி, பெயர் அருணாசலம். ஆபீஸ் போன் வந்தால் எந்த நேரமானாலும் எழுப்பு என்பது என் வீட்டுக்காரர் கட்டளை. அதையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார்.

"தமிழ்செல்வன் இருக்காரா மேடம்? இன்னைக்கு ராத்திரி டியூட்டிக்கு ஒருத்தர் வரலையாம். அவர் இப்பக் கிளம்பினா வந்துரலாம்."

"அவரு தூங்குறாருங்க."

"எழுப்புங்க மேடம்."

"எழுப்ப மாட்டேங்க. ராத்திரி முழுக்க உங்க ஆபீஸ்லதான் முழிச்சிருந்தாரு."

"உடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. தூங்குறாரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்படி எழுதறதுக்கு வழி இல்ல மேடம். நான் யாரத்தான் போடறது?"

"தூங்கி எந்திரிச்சவரப் போடுங்க."

"அப்படி யாரும் இல்ல மேடம்" என்றார்.

மிரட்டாமல், சத்தம் போடாமல், கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். அந்தக் கோபுரத்தை நம்பி எத்தனை பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தூங்குகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தூங்கி எழுந்தவர் ஒருவர் இல்லையாம். பிறகு அவரே சொன்னார், "சரி, காய்ச்சல்னு போட்டுக்கறேன். நான் பார்த்துக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

அதற்குள் வாசலில் பாப்பாத்தியக்கா நின்றார், கையில் கசாயச் சொம்பு. "தமிழு படுத்துக்கிச்சாட்ட இருக்குது? என்ன பண்ணுதாம் ஒடம்புக்கு?"

இத்தனை காலமாக நான் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தூங்குகிறார் அக்கா, எழுப்பாதீர்கள் அக்கா என்று கெஞ்சியிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஊர்ப் பாசத்தை மூடவும் இல்லை. அந்த அதிகாரி கொடுத்த சொல் என் வாயில் தயாராக இருந்தது.

"காய்ச்சலுங்கக்கா" என்றேன். "தொத்துற காய்ச்சல். ஆஸ்பத்திரில இருந்து வந்ததுதான். கிட்ட வந்தா உங்களுக்கும் வந்துரும்."

அக்கா படியிலிருந்து காலைப் பின்னால் எடுத்தார். கசாயத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சேதி பரவியிருக்க வேண்டும், அன்று முழுக்க ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாசாமி தூரத்திலேயே வழியை மாற்றிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். மாமனார்கூடத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். வாயில் கசப்பாக இருந்தது. தூங்குகிறார் என்றால் யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை, காய்ச்சல் என்றால் ஆபீஸும் மதிக்கிறது, ஊரும் மதிக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து வந்தார். முகத்தில் பாயின் கோடுகள் இருந்தன. "யாருமே வரலையா?" என்றார் ஆச்சரியமாக. நான் எல்லாவற்றையும் சொன்னேன், அதிகாரி சொன்னது, நான் சொன்னது, அக்கா ஓடியது. திட்டுவார் என்று நினைத்தேன். ஆபீஸ் போனுக்கு எழுப்பாமல் விட்டதற்கு வாய்க்கு வந்ததைப் பேசுவார் என்று தயாராக இருந்தேன். அவர் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காய்ச்சல் மாசத்துல எத்தன தடவ வரும் ரஞ்சிதா?" என்று கேட்டார். போனைக் கையில் வாங்கினார், நானும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"சார், தமிழ்செல்வன். எனக்குக் காய்ச்சல் இல்ல. தூக்கம் பத்தல. அதனால டியூட்டிக்கு லாயக்கு இல்ல. அப்படியே எழுதுங்க."

"சரிப்பா, சரிப்பா. நீ ரெஸ்ட் எடு."

"திருப்பிச் சொல்லுங்க சார்."

"என்னது?"

"நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

அருணாசலம் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசு தமிழ். இப்பதான் திரும்ப உக்கார வச்சிருக்காங்க. இத எழுதினா மறுபடி எறக்கிருவாங்க. அப்பறம் ஏத்தவே மாட்டாங்க."

"தெரியும் சார். சிவப்புப் பட்டைய எடுத்து வைக்கிறேன்னு வச்சுக்குங்க. திருப்பிச் சொல்லுங்க."

போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரும் முன்னொரு காலத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். திருப்பிச் சொல் என்று கேட்டால் சொல்லாமல் இருக்க அந்த வாய்க்குப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. பல்லுக்கிடையில் ஒவ்வொன்றாக வந்தது.

"தமிழ்செல்வன். காய்ச்சல் இல்ல. தூக்கம் பத்தல. டியூட்டிக்கு லாயக்கு இல்ல."

"சரிங்க சார்" என்று இவர் போனை வைத்தார்.

அதை அருணாசலம் எழுதினாரா, காய்ச்சலையே விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆபீஸ் மேல் எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. என்னவானாலும் சொன்னது அந்தக் காதில் விழவில்லை என்று இனி அவர்களால் சொல்ல முடியாது. நான் உள்ளே போய்ச் சாப்பாடு போட்டுக்கொண்டு, "குழம்பு ஊத்தட்டுங்களா, ரசமுங்களா?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். திருப்பிச் சொல்லவில்லை. தட்டோடு வந்து பார்த்தேன். போனை மடியில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.